மூச்சளவு வில்

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்: வீட்டுக்குச் சொந்தக்காரி டைனா. அவளுடைய தம்பி போஸி. வாசலில் நின்ற ட்ரக் அவனுடையது. பேர்ட்டவுனிலிருந்து வந்திருந்த நாத்தி எமலைன். அடுப்படியில் ஒரு கிழட்டு நாய். கதவோரத்து நாற்காலியில் டைனாவின் புருஷன் ஜாரட். பதினாறு மாதம் காசநோய் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, வலது பக்க விலா எலும்பில் ஏழு எலும்பை அறுத்து எடுக்கக் கொடுத்துவிட்டு, காலையில்தான் வந்து இறங்கியிருந்தான்.

அவன் நாற்காலியின் நுனியில் பாதிதான் உட்கார்ந்திருந்தான். அடுத்தவர் வீட்டுக்கு விசாரிக்க வந்தவன் உட்காருகிற மாதிரி. வலது தோள் சரிந்து, சட்டை அந்தப் பக்கம் மட்டும் தொங்கியது. டைனா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செப்டம்பர் கடைசி. நான்கு நாளாக ஸ்னோபேர்ட் ஓடையின் மேல் மூட்டம் இறங்கி, விலகாமல் கிடந்தது. வயலில் சோளத்தட்டை காய்ந்து சலசலத்தது. டைனா பீன்ஸ் ரொட்டி செய்திருந்தாள். சோள மாவில் வெந்த பீன்ஸைப் பிசைந்து, சோளக்கதிரின் மடலில் மடித்து அவித்தது. மேலே உருக்கிய பன்றிக்கொழுப்பு. ஜாரட் முன்பெல்லாம் ஆறு தின்பான். இரண்டோடு விரலைத் துடைத்துக்கொண்டான்.

“என்ன மச்சான், வயித்தையும் அறுத்துட்டானுகளா?” என்றான் போஸி.

“விலாவ மட்டும்தான். வயிறு தானா சுருங்கிருச்சு.”

“எடுத்த எலும்ப என்ன பண்ணானுக? கேட்டியா?”

“கேட்டேன். வீட்ல நாய் இருக்கு, கட்டிக் குடுங்கன்னு சொன்னேன். தரல.”

எமலைன் வாயில் ரொட்டியோடு சிரித்துப் புரையேறினாள். டைனாவுக்கும் சிரிப்பு வந்தது. இந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று நினைத்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஜாரட் தன் அக்காவிடம் கேட்டான்.

“உன் வீட்டுப் பின்னறை சும்மாதானே கிடக்கு?”

“கிடக்கு. உருளைக்கிழங்கு கொட்டி வச்சிருக்கேன்.”

“ஓரமாத் தள்ளினா ஒரு கட்டில் போடலாம்ல?”

எமலைன் டைனாவைப் பார்த்தாள். டைனா கொழுப்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆஸ்பத்திரி உனக்குப் பக்கம்” என்றான் ஜாரட். “மாசாமாசம் நெஞ்சைப் படம் புடிக்க வரச் சொல்லியிருக்காங்க. இங்கேர்ந்து மலை தாண்டி எவன் போறது?”

“ரெண்டு வாரத்துல சந்தைக்கு நான் போவேன். ஞாயித்துக்கிழமை” என்றான் போஸி. மச்சான் கிளம்பத் தானே வழி சொல்லிவிட்டோம் என்று சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ரொட்டி மடலை மடித்து மடித்துச் சின்னதாக்கினான்.

ஆஸ்பத்திரி ஒரு சாக்கு என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். வீடு டைனாவுடையது, அதற்கு முன் அவள் அம்மாவுடையது. ஜாரட் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மான் தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன். அவள் ஒரு கூடை சோளத்தோடு நின்றாள். அவன் கறி, அவள் சோளம், அவர்கள் ஜனத்தில் அவ்வளவுதான் கல்யாணம். அதை முறிக்கவும் பெரிதாக ஒன்றும் வேண்டியதில்லை. ஆம்பளை தன் துணியை மூட்டை கட்டி அக்கா வீட்டுக்குப் போய்விட்டால் போதும். கத்த வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம்.

டைனா எழுந்தாள். முக்காலி மேல் ஏறி, அடுப்புக்கு நேர் மேலே உத்தரத்தில் கிடந்த ஒரு கட்டையை இழுத்தாள். ஆள் உயரம், தொடைக் கனம், புகையேறிக் கறுத்தது. அதை ஜாரட்டின் காலடியில் போட்டாள். வீடு அதிர்ந்து நாய் எழுந்து வெளியே போயிற்று.

“லோகஸ்ட் மரம்” என்றாள். “நீ ஆஸ்பத்திரிக்குப் போன மாசம், வேலியோரத்துல நின்னதை வெட்டினேன். போஸி ஆப்பு புடிச்சான், நான் அடிச்சேன். ரெண்டு வாரத்துல ஒரு வில்லு ஆகும்ல?”

“வில்ல வச்சு என்ன பண்ண?”

“சுவத்துல மாட்டிப் பாக்கவா கேப்பேன்?”

அவன் கட்டையின் வெட்டுமுனையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். எச்சில் தொட்டு மறுபடி தேய்த்தான். பச்சையும் மஞ்சளுமாக வளையங்கள் தெரிந்தன.

“பட்டைய உரிக்காம போட்டிருக்க. பூச்சி துளைச்சிருக்கு பாரு.”

“சொல்ல ஆளில்ல.”

மறுநாள் எமலைன் பஸ் ஏறிப் போனாள். கிழங்கைத் தள்ளி வைப்பதாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அதில் டைனாவுக்குக் கோபம் இல்லை. அக்கா என்றால் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

ஜாரட் வேலையைத் தொடங்கினான். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். கொட்டகையில் பழைய மிதிபலகை இருந்தது. காலால் மிதித்தால் கட்டையைக் கவ்விக்கொள்ளும். இரண்டு பக்கமும் பிடியுள்ள இழுப்புக் கத்தியால் பட்டையைச் சீவினான். அடுத்து பட்டைக்கு உள்ளே இருந்த வெளுத்த மரம். பூச்சி துளைத்தது அத்தோடு போயிற்று. நான்கு இழுப்பு இழுப்பான், நிற்பான். வாயைத் திறந்து மூச்சை வாங்குவான். மறுபடி நான்கு இழுப்பு. டைனா கொட்டகை வாசலில் உட்கார்ந்து சோளம் உதிர்த்தாள். அந்த வேலையை வீட்டுக்குள்ளேயும் செய்யலாம்.

பகல் ஒரு மணிக்குக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவான். மூன்று மணி வரை. ஆஸ்பத்திரிப் பழக்கம், அங்கே மணி அடிப்பார்களாம். இங்கே யாரும் அடிக்கவில்லை, அவன் உடம்பே அடித்துக்கொண்டது.

லோகஸ்ட்டில் வில்லின் முதுகு, எய்கிறவனுக்கு எதிர்ப்பக்கம், ஒரே வருஷத்து வளையமாக இருக்க வேண்டும், இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும். கத்தி ஓரிடத்தில் நழுவி அடுத்த வருஷத்துக்குள் இறங்கினால் வில் என்றைக்காவது அங்கேதான் ஒடியும். ஜாரட் ஒவ்வொரு வளையமாக இறங்கினான். வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே மெல்லிய பொரபொரப்பான அடுக்கு வரும். கத்தியின் சத்தம் அங்கே மாறும். மூன்றாம் நாள் அவன் நிறுத்தினான்.

“இது நல்ல தடிமன்” என்றான். “மழை பெய்ஞ்ச வருஷம்.”

“எது? பாலம் அடிச்சுட்டுப் போச்சே, அதா?”

அவன் உள்ளுக்குள் எண்ணினான். “அதேதான்.”

“அந்த வருஷம் நம்ம சோளம் முழுக்க அழுகிப் போச்சு.”

“மரத்துக்கு நல்லாருந்திருக்கு.”

அன்றைக்கு அவன் தானாகப் பேசியது அவ்வளவுதான். ஆனால் சாப்பிடும்போது மூன்றாவது ரொட்டியை எடுத்தான். டைனா அதைக் கவனிக்காத மாதிரி இருந்தாள்.

போஸி தினம் மரம் ஏற்றப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பான். ஒரு நாள் தகர டப்பாவில் கரடிக்கொழுப்பு கொண்டுவந்தான். வில்லில் தேய்த்து அனலில் காட்டுவதற்கு. உட்கார்ந்தால் எழமாட்டான்.

“ஏன் மச்சான் இவ்ளோ பாடு? துப்பாக்கிதான் இருக்கே.”

“துப்பாக்கிக் கட்டைய எங்க முட்டுக் குடுக்கறது? இந்தப் பக்கம் எலும்பே இல்ல. ஒரு வெடி வெடிச்சா குழியாப் போயிரும்.”

“இடது தோள்ல வையி.”

“இடது கண்ணுல லோகஸ்ட் முள்ளு குத்தினது மறந்துட்டியா? அந்தக் கண்ணுல பாத்தா நீயே எனக்கு மான் மாதிரிதான் தெரிவ.”

“அப்ப வேணாம்.” போஸி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். “அம்பு ஊதுற குழல்? நீ ஊதினா அணில் அந்தக் கிளையிலிருந்து இந்தக் கிளைக்கு வர்றதுக்குள்ள விழுமே.”

ஜாரட் கத்தியை நிறுத்தினான். சுவரில் ஏழடி நீளத்தில் நாணல் ஊதுகுழல் சாத்தியிருந்தது. வந்த நாளிலிருந்து அவன் அதைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

“வந்த அன்னிக்கு ராத்திரி ஊதிப் பாத்தேன்” என்றான். “அம்பு குழலுக்குள்ளயே நின்னுருச்சு. தட்டித்தான் எடுத்தேன்.”

போஸி டப்பாவைத் திறந்து கரடிக்கொழுப்பை மோந்து பார்த்தான். “நல்ல சரக்கு” என்றான். கிளம்பிப் போனான்.

ஒன்பதாம் நாள் வில் வளைந்தது. அணில் தோலை வாராகக் கீறி, ஈரத்தோடு முறுக்கி, டைனாதான் நாண் திரித்தாள். ஜாரட் நாணை மாட்டி, வில்லைச் சுவர் ஆணியில் தொங்கவிட்டு, நாணைக் கீழே இழுத்து, பிடிக்கு இரண்டு பக்கத்து மேல்கையும் கீழ்க்கையும் ஒன்று போல வளைகிறதா என்று தள்ளி நின்று பார்த்தான். விறைத்த இடத்தை அரத்தால் தேய்த்தான். அதற்குப் பிறகு ஜன்னல் கண்ணாடிச் சில்லால் சுரண்டினான். சுருள் சுருளாக மஞ்சள் தூள் உதிர்ந்தது. அவன் முகத்தில் ஆஸ்பத்திரி இல்லை. டைனா அந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

புதன்கிழமை காலை வில் முடிந்துவிட்டது என்றான். எடுத்துக்கொண்டு சோளக் கொட்டடிக்குப் பின்னால் போனான். டைனா துணி காயப்போடும் சாக்கில் மூலையில் நின்றாள். அவன் இடது கையில் வில்லைப் பிடித்து நாணை இழுத்தான். பாதி தூரம் வந்தது. ஏற்கெனவே சரிந்திருந்த தோள் இன்னும் சரிந்தது. பல்லைக் கடித்து இன்னொரு தரம் இழுத்தான். அதே பாதி. மூன்றாம் தரம் இழுக்கும்போது இருமல் வந்து, கொட்டடிச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். டைனா ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே நின்றாள். அதில் சொட்டத் தண்ணீர் இல்லை.

உள்ளே வந்து வில்லை ஆணியில் மாட்டினான்.

“நல்லா வந்திருக்கு. போஸிகிட்ட குடுத்துரு.”

“உனக்குச் செஞ்சது.”

“எனக்குச் செஞ்சதுதான். முன்னாடி இருந்த எனக்கு.”

“கொஞ்சம் சுரண்டினா இளகாதா?”

“இளகும். இளகிக்கிட்டே போயி டவுன்ல ரோட்டோரத்துல விக்கிறானுகளே, சாயம் பூசி இறகு கட்டி, அந்த விளையாட்டு வில்லா ஆகும். மான் விழாத வில்லு எதுக்கு?”

அன்று சாயங்காலம் அவன் தன் இரண்டு சட்டையையும் மடித்துப் பெட்டியில் வைத்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் முழுதாக இருந்தது.

டைனா செய்தது வியாழக்கிழமை பகல் ஒரு மணிக்கு. அவன் படுத்து மூச்சு சீரானதும் வில்லை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். ஜன்னலோர வெளிச்சத்தில் உட்கார்ந்து, மடியில் குறுக்காக வைத்து, கண்ணாடிச் சில்லால் உள்பக்கத்தைச் சுரண்டினாள். முதுகைத் தொடக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். மெதுவாக, ஒரே சீராக, சட்டி தேய்க்கிற மாதிரி. தூளை ஏப்ரனில் கூட்டி அடுப்பில் போட்டாள். மூன்று மணிக்கு முன்னால் வில் ஆணியில் இருந்தது. வெள்ளிக்கிழமையும் அப்படியே. சனிக்கிழமை பகலிலும். இழுத்துப் பார்த்தாள், அவளுக்கே முக்கால் தூரம் வந்தது.

அவளுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. வெளிச்சம் ஒரு பக்கம்தான். மூன்று நாளும் வில்லின் ஒரே முனையைத்தான் வெளிச்சத்துப் பக்கம் வைத்திருந்தாள். கண்ணுக்குத் தெரிந்த பக்கத்தில் கை கூடுதலாகப் போயிருந்தது.

சனிக்கிழமை நான்கு மணிக்கு போஸி வந்தான். மறுநாள் பயணத்துக்கு ட்ரக்கைக் கழுவியிருந்தான். ஜாரட் வில்லை எடுத்து அவனிடம் நீட்டினான்.

“உனக்குத்தான். உங்கக்கா வெட்டின மரம்.”

போஸி வாசலுக்குப் போய் இழுத்தான். சுலபமாக வந்தது. பாதியில் நிறுத்தி, தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

“மச்சான், இது என்ன, கீழ்க்கை இவ்ளோ தொங்குது?”

“தொங்காது.”

“நீயே பாரு.”

ஜாரட் பார்த்தான். வில்லை வாங்கித் திருப்பினான். கீழ்க்கையின் உள்பக்கத்தில் விரலை ஓட்டினான். திரும்ப ஓட்டினான்.

“எலியா இருக்கும்” என்றான் போஸி.

“எலி கண்ணாடிச் சில்லு வச்சிருக்குமா?”

டைனா தரையில் உட்கார்ந்து, காயப்போட பீன்ஸை ஊசி நூலில் கோத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“டைனா, இதைத் தொட்டியா?”

“தொட்டேன்.”

“எத்தன நாளா?”

“மூணு.”

“வில்லு கெட்டுப்போச்சு.”

“தெரியுது.”

போஸி தொப்பியை எடுத்தான். “ட்ரக்குக்குத் தண்ணி ஊத்தணும்…”

“உக்காருடா” என்றார்கள் இரண்டு பேரும். உட்கார்ந்தான்.

“மான் விழுற வில்லு அது” என்றான் ஜாரட். குரலை உயர்த்த அவனுக்கு மூச்சு இல்லை. அதனாலேயே கேட்க இன்னும் கஷ்டமாக இருந்தது. “இப்ப என்ன விழும்?”

“அணில் விழும். முயல் விழும். நான் மான் கேட்டேனா? வந்த நாள்லேர்ந்து ஒரு தரம் கேட்டேனா?”

“நீ கேக்கமாட்ட. அதுதான் எனக்குப் பயம். நான் உன் சோளத்தைத் தின்னுட்டு இந்த நாற்காலில உக்காந்திருப்பேன். ஆறு மாசம் ஒண்ணும் சொல்லமாட்ட. அதுக்கப்புறமும் சொல்லமாட்ட. கறியோட வந்தவன் நான். கறியில்லாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இருக்கறது?”

டைனா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். முடிச்சுப் போட்டாள்.

“கல்யாணத்துக்கு நீ கொண்டாந்த மான் தொடை நாறிப்போச்சு” என்றாள்.

ஜாரட் வில்லைக் கீழே வைத்தான்.

“என்ன?”

“வெயில்ல மூணு நாள் மலை தாண்டி நடந்து வந்திருக்க. எலும்போரம் பச்சையா இருந்துச்சு. எங்கம்மா அந்தப் பக்கத்தை வெட்டி வேலிக்கு அந்தாண்ட புதைச்சா. மிச்சத்தை மிளகாயப் போட்டு வேகவச்சு நான் தின்னேன். ரெண்டு நாள் வயித்தால போச்சு.”

“எனக்கும் போச்சு” என்றான் போஸி. “அப்ப எனக்குப் பதினோரு வயசு. சொன்னா தோலை உரிச்சுருவேன்னு அக்கா மிரட்டிட்டா.”

ஜாரட் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தான். “நல்லாருக்குன்னு சொன்னியே. ரெண்டாந்தரம் வேற வாங்கித் தின்ன.”

“தின்னேன். நல்ல கறி கொண்டாந்தாத்தான் இங்க இருக்கலாம்னா, நீ அன்னிக்கே மலையேறித் திரும்பிப் போயிருக்கணும்.”

கோத்த பீன்ஸ் சரத்தைத் தூக்கி ஆணியில் மாட்டினாள். மாட்டினது ஒரு தரம் நழுவி விழுந்தது. அடுத்ததாக அவள் பேசியது சரத்தைப் பார்த்துத்தான்.

“பதினாறு மாசம் அந்தப் பக்கம் படுக்கை குளிர்ந்து கிடந்துச்சு. நீ இருமினா இருமு. ராத்திரியெல்லாம் இருமு. எனக்கு அந்தச் சத்தம் வேணும். வேற ஒண்ணும் எனக்குச் சொல்லத் தெரியல.”

ஜாரட்டின் உடம்பு குலுங்கத் தொடங்கியது. டைனா திடுக்கிட்டுத் திரும்பினாள். அவன் வலது பக்கத்தைக் கையால் அமுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர்.

“பச்சையா இருந்துச்சா?”

“தவளை மாதிரி.”

“சிரிக்க வைக்காத. இங்க இழுக்குது.” கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினான். “சில்லு எங்க?”

“எதுக்கு?”

“கீழ்க்கைய நீ இறக்கிட்ட. மேல்கையும் அதுக்குச் சமமா இறங்கணும். இல்லேன்னா ரெண்டு நாள்ல முறுக்கிக்கும்.”

“இறக்கினா இன்னும் இளகுமே.”

“இளகட்டும்.”

வெளிச்சம் போவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அவன் வாசல்படியில் உட்கார்ந்து மேல்கையைச் சுரண்டினான். இருபது இழுப்பு, நிறுத்தம், மூச்சு. நாணை மாட்டி போஸியை இழுக்கச் சொன்னான். டைனாவை முற்றத்துக் கோடியில் நிறுத்தினான்.

“எது விறைச்சு நிக்குது?”

“மேலதான். நடுவுல.”

“இப்ப?”

“இன்னும் ஒரு நூல்.”

“உங்கக்காவுக்கு இப்பத்தான் கண்ணு தெரியுது” என்றான் ஜாரட்.

“மச்சான், நான் இழுக்கறேன், என் கை வலிக்குது. நீங்க ரெண்டு பேரும் எனக்கு என்ன தரப் போறீங்க?”

“மான் தொடை” என்றாள் டைனா.

ஐந்தாம் தரம் ஜாரட் எழுந்து வில்லைத் தானே வாங்கிக்கொண்டான். மூச்சை இழுத்து, வைத்துக்கொண்டு, நாணை இழுத்தான். தோள் சரிந்தது. நாண் வந்தது. பாதி தாண்டி, முக்கால் தாண்டி, நெஞ்சுக்கு வந்து நின்றது. இருமல் வரவில்லை. மூன்று எண்ணுகிற நேரம் வைத்திருந்து மெதுவாக விட்டான். இரண்டு கையும் பிறை மாதிரி ஒன்றாக வளைந்து ஒன்றாக நிமிர்ந்தன. அவன் அதில் கரடிக்கொழுப்பைத் தேய்க்க உட்கார்ந்தான். நிறையத் தேய்த்தான். எதிரே போஸி தொப்பியைச் சுற்றிக்கொண்டு நின்றான்.

“அப்ப நாளைக்கு எமலைன்கிட்ட என்ன சொல்ல?”

“கிழங்கு அங்கயே கிடக்கட்டும்னு சொல்லு.”

மறுநாள் விடிந்தபோது மூட்டம் கலைந்திருந்தது. புல்லில் முதல் உறைபனி. போஸியின் ட்ரக் கீழே சாலையில் ஒரு தரம் ஹாரன் அடித்துவிட்டு நிற்காமல் போயிற்று.

ஜாரட் மூன்று நாணல் அம்பையும் வில்லையும் எடுத்துக்கொண்டு நின்றான். மேலே ஹிக்கரித் தோப்பில் அணில்கள் கொட்டை பொறுக்கிக்கொண்டிருக்கும். தோப்பு வரைக்கும் ஏற்றம். டைனா ஆறிய ரொட்டி இரண்டைத் துணியில் கட்டி அவன் பையில் போட்டாள். கழுத்துப் பட்டன் திறந்திருந்ததைப் போட்டுவிட்டாள்.

“பாதி வழியில உக்காந்துட்டேன்னா?”

“உக்காந்து எந்திரி.”

“ஒண்ணும் கிடைக்கலேன்னா?”

“சும்மா வா.”

“நீயும் கொஞ்ச தூரம் வர்றியா?”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வருகிறேன் என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது.

“எனக்கு வேலை கிடக்கு. போ.”

அவன் படியிறங்கினான். அவள் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் காதை வைத்தாள். உறைந்த புல் அவன் காலடியில் நொறுங்கியது. வேலி வரைக்கும் கேட்டது. வேலியைத் தாண்டி ஏற்றம் தொடங்குகிற இடத்தில் இருமல் வந்தது. நின்றது. மறுபடி வந்தது, இந்தத் தரம் நீளமாக. டைனாவின் கை கதவைத் திறக்கப் போனது. அந்தக் கையை இழுத்துக்கொண்டாள். தான் அவன் பின்னால் ஓடிவிடாதபடி, தாழ்ப்பாளை மெதுவாக, அவனுக்குக் கேட்காத மாதிரி, கடைசி வரைக்கும் தள்ளிப் பூட்டினாள்.